நோன்புக்கு நிரப்பின உப்பு

கல்முனைக்குடியில் சுபைறாவோடு வாய் கொடுத்து வென்ற ஆள் இன்னும் பிறக்கவில்லை என்று அவளுடைய புருசன் முத்தலிப்பே சொல்லுவார். சொல்லிப்போட்டு, அது அவள் காதில் விழுந்ததா என்று ஒருக்காத் திரும்பியும் பார்த்துக்கொள்வார். மரக்கறிக்காரன் அவளுக்குத் தராசைத் தூக்குமுன் யோசிப்பான். பள்ளிவாசல் தலைவர் அவளைக் கண்டால் மற்ற ஒழுங்கையால் போய்விடுவார். அப்படிப்பட்டவள் ஒரு மருந்துக் குளிசை விசயத்தில் தன் புத்தியை மட்டும் நம்பி, கட்டின புருசனைக் கபுறுக்குழியின் விளிம்பு வரைக்கும் கொண்டுபோன கதை இது.

முத்தலிப் மீன் வியாபாரி. சுபஹ் தொழுத கையோடு மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் கட்டின ஐஸ் பெட்டியோடு அம்பாறைப் பக்கத்து ஊர்களுக்குப் போய் விற்றுவிட்டு, வெயில் ஏறத் திரும்புவார். 2007ஆம் ஆண்டு. கிழக்கில் சண்டை முடிகிற காலம், சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. ஒருநாள் சாவடியில் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். ஐஸ் தார் ரோட்டில் உருகி ஓட, மீனை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போட்டுக்கொண்டிருந்த மனிசன் நெஞ்சைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். கவிழ்க்கச் சொன்ன அதே ஆமிக்காரன்தான் அவரைத் தூக்கி ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அவனை ஏசுவதா, அவனுக்குத் துஆ கேட்பதா என்று சுபைறாவுக்கு இன்றைக்கும் தெரியாது.

மாரடைப்பு. உசிர் தப்பிவிட்டது, ஆனால் நெஞ்சு பலவீனமாகிப் போனது. காலில் நீர் இறங்கியது. நீரை வடிக்க ஒரு குளிசை கொடுத்தார்கள். அது நீரோடு சேர்த்து உடம்பிலிருந்த வேறொன்றையும் கொண்டுபோய்விட, வார்டில் வைத்தே ஒரு பகல் முத்தலிப்பின் நெஞ்சு தாளம் தப்பித் துடித்தது. ஓடிவந்த பெரிய டொக்டர் அவரைச் சரிக்கட்டிவிட்டுச் சுபைறாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பொட்டாசியம் என்று ஒரு உப்பு. அது குறைஞ்சதாலதான் நெஞ்சு தடுமாறின. இந்தப் பெரிய குளிசைய விடாமக் குடுங்க."

அந்த ஒரு வசனம் சுபைறாவின் மண்டையில் ஆணி அடித்தாற்போல் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு அது பொட்டாசியம் இல்லை, உப்புக் குளிசை. புருசனுடைய உசிர் அதற்குள்தான் கிடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள்.

பிறகு கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, மருந்தை மாற்றினாள். முத்தலிப்பும் பக்கத்து வாங்குப் பலகையில்தான் இருந்தார்.

"இது உப்பை உடம்புக்குள்ள பிடிச்சு வைக்கிற குளிசை. இனி அந்தப் பெரிய குளிசை வேணாம். செவ்விளநீரும் வேணாம். கூடினாலும் நெஞ்சு நிண்டுபோகும். கை கால் சோர்ந்தாலோ நெஞ்சு மெதுவா அடிச்சாலோ உடன கொண்டு வாங்க."

"ஓம் டொக்டர்" என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்த சுபைறா, வாசற் படலையைத் தாண்டியதும் சொன்னாள்: "மருந்து முடிஞ்சு போயிருக்கும். அதான் வேணாமாம்."

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலத்தில் அப்படி நினைத்ததிலும் ஒரு ஞாயம் இருந்தது. ரோட்டு பூட்டினால் லொறி வராது, லொறி வராவிட்டால் ஒன்றும் வராது. சங்கக்கடையில் மாவு முடிந்தால் "இப்ப மாவு தேவல்லத்தானே" என்பான். மண்ணெண்ணெய் முடிந்தாலும் அதே பேச்சுத்தான். "தேவையில்லை" என்றால் "கையில் இல்லை" என்று எடுத்துப் பழகின சனம். சுபைறாவும் அப்படித்தான் எடுத்தாள். புதுக் குளிசையையும் கொடுத்தாள், பழைய உப்புக் குளிசையையும் பாமசியில் வாங்கிக் கொடுத்தாள். கட்டாரிலிருந்து மருமகன் ஜவுபர் அனுப்பின மினரல் தூளையும் விடவில்லை. போத்தலில் ஒரு வெள்ளைக்காரன் தசையைப் புடைத்துக்கொண்டு சிரித்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இதற்கு மேல் ஊர்ச் சனம். நோய் விசாரிக்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? ஆளுக்கொரு செவ்விளநீர்க் குலை. கொண்டுவந்ததை வந்தவர் கண்ணுக்கு முன்னால் குடித்துக் காட்டாவிட்டால் அவமரியாதை. முத்தலிப் குடித்தார். வாசலில் இளநீர்க் கோம்பை குவிந்தது.

அதற்குள் நோன்பு கிட்டிக்கொண்டு வந்தது. முத்தலிப் விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு நோன்பு விட்டவரில்லை. "இந்த முறையும் பிடிக்கத்தான் போறன்" என்று ஒற்றைக் காலில் நின்றார். சுபைறாவால் கூட அசைக்க முடியவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. நோன்பிலே பகலெல்லாம் வாயில் ஒன்றும் படக் கூடாது. உப்புக் குளிசை எப்படிக் கொடுப்பது? குழாய்த் தண்ணியை நிப்பாட்டப் போகிறார்கள் என்றால் முதல்நாளே குடம், வாளி எல்லாம் நிரப்பி வைக்கிறோம்தானே. உடம்பையும் அப்படி முன்கூட்டியே நிரப்பி வைத்துவிட்டால்?

நோன்புக்கு முந்தின ஷஃபான் மாதம் முடியுமட்டும் அவள் நிரப்பினாள். குளிசையை இரட்டிப்பாக்கினாள். மினரல் தூளை இளநீரிலேயே கலக்கினாள். பாசத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் பிழை.

பிறை பார்க்க இருந்த அன்று காலையிலேயே முத்தலிப் சோர்ந்து கிடந்தார்.

"நாக்கு ஒரு மாதிரி விறைக்குது புள்ள. காலும் என்ட கால் மாதிரி இல்ல."

"உப்புக் காணாது" என்றாள் சுபைறா. இன்னொரு குளிசையைக் கொடுத்தாள். மத்தியானம் இன்னொரு இளநீர் வெட்டினாள்.

பின்னேரம் அசர் தொழுது கொஞ்ச நேரத்தில் பள்ளி ஒலிபெருக்கி திறந்தது. பிறை அறிவிப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது. இந்தோனேசியாப் பக்கம் பூமி அதிர்ந்திருக்கிறதாம். கடற்கரையில் இருக்கிற எல்லாரும் உடனே மேற்கால் பக்கம் போங்க. திரும்பத் திரும்ப அதையே சொன்னது.

சுனாமி வந்து மூன்று வருசம் ஆகப்போகிறது, ஆனாலும் சுபைறாவுக்கு அந்த நாள் நேற்றுத்தான். அன்று, பழைய கடற்கரை வீட்டுக்குப் பக்கத்து மாடி வீட்டுப் படியில் அவளும் முத்தலிப்பும் ஏறி நின்றார்கள். பன்னிரண்டு வயது மகன் றிம்சான் ஒழுங்கைக் கேற்றைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று "வாப்பா" என்று கூப்பிட்டான். முத்தலிப் ஒரு அடி எடுத்து வைத்தார். சுபைறா அவருடைய இடுப்புச் சாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "போகாதீங்க, போகாதீங்க" என்றாள். அடுத்த அலை வந்தது. பிறகு கேற்றும் இல்லை, பிள்ளையும் இல்லை. விசாரிக்க வந்த ஆட்களுக்கெல்லாம் முத்தலிப் மெல்லச் சொன்னார்: "நான் இறங்கத்தான் போனன். இவ சாரத்தை விடல்ல." குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து சுபைறா தன்னுடைய கையைப் பார்த்தால் அழுவாள். புருசனுடைய வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது தவிர, மெயின் ரோட்டுக்குக் கிழக்கே, கடல் பக்கம், அவள் பிறகு கால் வைக்கவேயில்லை.

இப்போது ஒழுங்கை முழுக்கச் சனம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் றினோஸா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று "உம்மா, கெதியா" என்றாள். பக்கத்து வீட்டுச் சீனிமுகம்மது தன் பெண்சாதி பிள்ளைகளை முதலே வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, இவர்களுக்காக முச்சக்கர வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

முத்தலிப் எழும்பினார். எழும்பினவர் அப்படியே மடங்கி விழுந்தார். சீனிமுகம்மது தூக்கி நிறுத்தினான். கால் நிற்கவில்லை.

"பயம் புள்ள" என்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. "பயத்தில கால் வருதில்ல."

தூக்கித்தான் வண்டிக்குள் போட்டார்கள்.

நீர்ப்பரப்பைக் குறுக்கே கடக்கிற கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டினால் சொறிக்கல்முனைப் பக்கம், மேட்டு நிலம், கடல் வராது. ஆனால் தாம்போதிக்கு ஒரே ஒரு ரோட்டு. சைக்கிள், மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், மாட்டு வண்டி, எல்லாம் அதற்குள்தான். ஒருத்தன் ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். வண்டி ஒரு முழம் நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. சுபைறா பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"உம்மா, வாப்பாவைப் பாருங்க" என்றாள் றினோஸா.

முத்தலிப்பின் தலை சுபைறாவின் தோளில் சரிந்து கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் "ம்" என்கிற சத்தம் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது. சுபைறா சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சில் வைத்தாள். ஒரு அடி அடித்தது. அவள் அடுத்த அடிக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை. "யா அல்லாஹ்" என்று வாய் எடுக்கும்போது மெதுவாக ஒன்று வந்தது. பிறகு திரும்பவும் ஒன்றுமில்லை.

அந்த நேரம் கிளினிக் வாங்குப் பலகையும், அந்த டொக்டர் பிள்ளையின் முகமும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. கை கால் சோர்ந்தாலோ, நெஞ்சு மெதுவா அடிச்சாலோ. கூடினாலும் நெஞ்சு நிண்டுபோகும். மருந்து முடிந்துபோய் அவள் அதைச் சொல்லவில்லை. உண்மையாகத்தான் சொல்லியிருக்கிறாள். பயத்தில் இல்லை, இந்த மனிசனுக்குக் கால் வராமல் போனது என்னால். காலையில் குளிசை, மத்தியானம் இளநீர், எல்லாம் இந்தக் கையால்.

ஆஸ்பத்திரி பின்னாலே இருந்தது. மெயின் ரோட்டுக்குக் கிழக்கே, கடலைப் பார்த்தபடி.

"சீனி, வண்டியைத் திருப்பு" என்றாள்.

சீனிமுகம்மது கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "என்ன ராத்தா?"

"திருப்பு. ஆஸ்பத்திரிக்கு."

"ராத்தா, உங்களுக்கு விசரா? கடல் வருதென்டு ஊரே இஞ்சால ஓடுது. அங்க போய் ஆருக்கு என்ன செய்யிற? முத்தலிப் காக்காவைச் சொறிக்கல்முனைக்குக் கொண்டுபோவம். பயத்தில மயங்கினது, தெளியும்."

"பயமில்லடா. நான் குடுத்த மருந்து. தாம்போதி தாண்டுமுன்ன மௌத்தாகிருவார்."

"எனக்கும் புள்ளையள் இருக்கு ராத்தா."

"தெரியும். அதனாலதான் கேக்கிறன், உத்தரவு போடல்ல." வாழ்க்கையில் முதல் முறையாக சுபைறாவின் குரல் கெஞ்சியது. "நீ வராட்டி நான் இறங்கித் தோளில போட்டு இழுத்துக்கிட்டுப் போவன். போய்ச் சேர ஏலாது, ஆனாப் போவன்."

சீனிமுகம்மது ஹேண்டிலை ஒடித்தான்.

சுபைறா மகளை இறக்கினாள். "நீ குழந்தையோட நட. சனத்தோட சேர்ந்து போ. நிக்காத." றினோஸா உம்மாவின் கையை விடாமல் பிடித்தாள். சுபைறா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

எதிரே வருகிற சனத்துக்குள் வண்டி நுழைந்தது. ஏசினார்கள், தட்டினார்கள். ஒரு கிழவர் "அறிவு கெட்டவன், சாகப் போறியா" என்று வண்டியின் கூரையில் அறைந்தார். தாம்போதித் தலைப்பில் நின்ற ஆமிக்காரன் கையைக் குறுக்கே நீட்டினான். "எப்பா, எப்பா. சுனாமி" என்று, போகவேண்டாமென்று சிங்களத்தில் சொல்லி, மேற்கைக் காட்டினான். சுபைறாவுக்குச் சிங்களம் அரைகுறை. முத்தலிப்பின் சட்டையை விலக்கி, அவனுடைய கையைப் பிடித்து இழுத்து நெஞ்சில் வைத்தாள். அன்னியப் பையன் ஒருத்தனின் கையை அவள் தொட்டது அதுவே முதல் தடவை. அவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு வண்டிக்கு முன்னால் ஓடி, துவக்கைக் குறுக்கே பிடித்துச் சனத்தை விலக்கி வழி எடுத்துக் கொடுத்தான்.

மெயின் ரோட்டைக் கடந்தபோது ஊரில் ஒரு குஞ்சு இல்லை. கடைக் கதவுகள் திறந்தபடி கிடந்தன. கடல் இரைகிற சத்தம் கேட்டது. எப்போதும் இரைகிற சத்தம்தானா, கூடியிருக்கிறதா என்று அவளுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. கலிமாவைச் சொல்லிக்கொண்டு முத்தலிப்பின் சாரத்துத் தலைப்பை முஷ்டிக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கீழ் வார்டு நோயாளிகளை மேல்மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டில் நின்று சேலைன் போத்தல் ஒன்றைத் தூக்கிப் பிடித்திருந்தது அதே டொக்டர் பிள்ளைதான். ஓடி வந்தாள். முத்தலிப்பை மேலே தூக்கிக்கொண்டுபோய் நெஞ்சில் வயர் ஒட்டி, மெஷினில் ஓடின கோட்டைப் பார்த்தாள். முகம் மாறியது.

"என்ன குடுத்தீங்க?"

சுற்றிலும் ஆட்கள். நோயாளிகளுக்குத் துணைக்கு நின்ற ஒழுங்கைச் சனம் இரண்டு மூன்று பேர், தாதிமார், சீனிமுகம்மது. கல்முனைக்குடியில் யாரிடமும் தோற்காத சுபைறா அத்தனை பேருக்கும் முன்னால் வாயைத் திறந்தாள்.

"நீங்க வேணாமென்ட குளிசை. நிப்பாட்டல்ல. இரட்டிப்பாக் குடுத்தன். இளநியும் குடுத்தன், மினரல் தூளும் குடுத்தன். இண்டைக்குக் காலையிலயும் குடுத்தன். நோன்புக்கு நிரப்பி வைப்பமென்டு. நான்தான் குடுத்தன் டொக்டர், வேற ஒருத்தருமில்ல."

டொக்டர் பிள்ளை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுபைறாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "கல்சியம்" என்று தாதியிடம் கையை நீட்டினாள். அந்த ஊசியை மெதுவாக, மெஷினில் கண்ணை வைத்தபடியே ஏற்றினாள்.

"அதுவும் உப்புத்தானே டொக்டர்?" என்றாள் சுபைறா.

"இது வேற. கூடின உப்பு நெஞ்சை நிப்பாட்டாமக் காவல் நிக்கும். அதுக்குள்ள மற்றதை இறக்கவேணும்."

பிறகு குளுக்கோசும் இன்சுலினும் ஏறின. சீனி வருத்தம் இல்லாத மனிசனுக்கு இன்சுலின் எதற்கு என்று கேட்க வந்தது. சுபைறா அதை விழுங்கிக்கொண்டாள். இனிக் கேள்வி கேட்கத் தனக்கு என்ன உரிமை என்று இருந்தது. மெஷின் ஒரு சத்தம் போடும், நிற்கும். அடுத்த சத்தம் வரும்வரைக்கும் அவளும் மூச்சு விடவில்லை. பிறகு இடைவெளி கொஞ்சம் குறைந்தது. இன்னும் குறைந்தது. டொக்டர் பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

கடல் வரவில்லை. இரவு இஷா நேரத்தில் ஆபத்து நீங்கிவிட்டதென்று ஒலிபெருக்கி சொன்னது. சனமெல்லாம் மேற்கு நோக்கித்தான் ஓடியது, ஆனாலும் பிறையை ஒருத்தரும் பார்க்கவில்லை. நோன்பு ஒரு நாள் பிந்தியது.

விடிந்ததும் றினோஸா குழந்தையோடு வந்து வாப்பாவைப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் சீனிமுகம்மது வந்தான். கையில் ஒரு செவ்விளநீர்க் குலை. பழக்கதோசம், பாவம். சுபைறா குலையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"கீழ கொண்டுபோய் எல்லாத்தையும் நீயே குடிச்சிட்டு வா" என்றாள். "உனக்குத்தான் அது ஹலால்."

அவன் போனதும் முத்தலிப் கண்ணைத் திறந்தார். காலை மெல்ல அசைத்துப் பார்த்தார். அசைந்தது.

"இந்த முறை நோன்பு பிடிக்க ஏலாதாம்" என்றாள் சுபைறா. "டொக்டர் சொல்லிட்டா. பதிலுக்கு ஏழைக்குச் சாப்பாடு குடுப்பம்."

அவர் தலையை ஆட்டினார்.

"நேத்து நீ எல்லாருக்கும் முன்னால சொன்னது காதில விழுந்த" என்றார். "நான்தான் குடுத்தன் என்டு."

"ஓம். சொல்லாம என்ன செய்யிற."

"நானும் ஒண்டு சொல்லணும் சுபைறா. நேத்துக் கால் வராம நிக்கக்குள்ள, அண்டைக்கி வந்த அதே பயமென்டுதான் நினைச்சன்." அவர் அவளுடைய கையைப் பார்த்தார். "அண்டைக்கி நீ புடிச்ச புடியால நான் நிக்கல்ல. ஒரு அடி வெச்சன், பிறகு கால் இறங்கல்ல. நீ சாரத்தை விட்டிருந்தாலும் போயிருக்க மாட்டன். பழிய உன்ட பேரில போட்டன்."

சுபைறாவுக்குக் கோபம் வந்தது. தன்னுடைய இரண்டு கையையும் பார்த்துப் பார்த்து அழுத அழுகைக்கெல்லாம் சேர்த்துக் கோபம் வந்தது. அதற்கு அடியில், சொன்னால் வெட்கம், ஒரு ஆறுதலும் வந்தது.

"இத நெஞ்சுக்குள்ள வெச்சிக்கிட்டுத்தான், நான் குடுத்ததெல்லாம் விழுங்கினீங்களா?"

"டொக்டர் வேணாமென்டத நானும் கேட்டன்தானே" என்றார் முத்தலிப். "நோன்பு ஒண்டுதான் அல்லாஹ்ட கடமை, அதில விட்டுக் குடுக்கல்ல. மத்தப்படி உன்னப் பாத்து வேணாமென்டு சொல்ல எனக்கு வாயில்ல. அண்டையில இருந்தே இல்ல."

சுபைறாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளாகத் தான் வென்ற வாக்குவாதமெல்லாம் எப்படி வென்றது என்று.

அவள் மேசையிலிருந்த கஞ்சிக் கோப்பையை எடுத்தாள். "இனி வேணாமென்டா வேணாமென்டு சொல்லணும். எனக்கு முகத்துக்கு நேர சொல்லணும். சொல்லிப் பாருங்க" என்று கோப்பையை அவர் வாய்க்குக் கிட்ட நீட்டினாள்.

முத்தலிப் கோப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வேணாம்" என்றார்.

சுபைறா கோப்பையைக் கீழே வைத்தாள். கட்டிலின் விளிம்பில் கிடந்த அவருடைய சாரத்துத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகனுக்காகச் சத்தம் போட்டு அழுதாள். முத்தலிப்பும் அழுதார்.